படிகள் படுத்துக்கொண்ட ஊர்

கோமதிநாயகம் சார் சிரித்த கதை இது. கேட்டால் வயிறு வலிக்கச் சிரிப்பீர்கள், புரையேறும், பக்கத்தில் ஒரு செம்பு தண்ணீர் வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் அந்தச் சிரிப்பு இப்போது வராது. தேரிமங்கலம் மாநகராட்சி இன்ஜினியரான அந்த மனிதர் தன் கல்யாணத்தில் சிரிக்கவில்லை, மகன் பிறந்தபோது சிரிக்கவில்லை, சுதந்திர தினத்தன்று மேயர் வேட்டி தடுக்கிக் கொடிக்கம்பத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றபோது ஊரே சிரித்தும் அவர் மட்டும் கம்பம் சாய்ந்துவிட்டதா என்று ஒற்றைக் கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்பேர்ப்பட்டவரைச் சிரிக்க வைக்க ஒரு பஜாரும் ஒரு பள்ளிக்கூடமும் ஊர்ப்பட்ட படிக்கட்டுகளும் வேண்டியிருந்தன. அவையெல்லாம் வந்து சேரட்டும், அதுவரை செம்பைத் தொடாதீர்கள்.

முதலில் படிகள். எந்தக் காலத்திலோ பெரியகுளம் உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்ததாம், அன்றைக்கு உயரத்தில் கடை வைத்திருந்த ஒரு கருப்பட்டி வியாபாரியைத் தவிர மற்ற எல்லாருடைய சரக்கும் நனைந்ததாம். அதிலிருந்து தேரிமங்கலத்தில் யார் எதைக் கட்டினாலும் படி வைத்தே கட்டினார்கள். குளம் மறுபடி உடையவே இல்லை, உடைய அதில் தண்ணீரும் இல்லை, பையன்கள் அதற்குள் கிரிக்கெட் ஆடினார்கள். ஆனாலும் படிகள் வளர்ந்துகொண்டே போயின, ஏனென்றால் பக்கத்துக் கடையைவிட ஒரு படியாவது கூட இருந்தால்தான் மரியாதை என்று ஆகிவிட்டது. பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று முதலில் படியைத்தான் எண்ணினார்கள், நகைப் பேச்சு அப்புறம். பேங்குக்குப் படி, சலூனுக்குப் படி, ரேஷன் கடைக்குப் படி. மூட்டுவலி டாக்டர் மற்ற டாக்டர்களைவிடப் பெரியவர் என்பதால் அவருக்கு எல்லாரையும்விட உயரம், ஆகவே அவரிடம் ஏறிப் போக முடிந்தவர்களுக்கு வைத்தியம் தேவைப்படவில்லை, வைத்தியம் தேவைப்பட்டவர்களுக்கு ஏற முடியவில்லை. எல்லாவற்றையும் தூக்கி அடிப்பது ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் ஜவுளிக்கடை. அவர் வீட்டில் ஒரு குழந்தை பிறந்தால் கடைக்கு ஒரு படி கூடும், ஒவ்வொரு படியிலும் ஒரு பெயர் வெட்டியிருக்கும், கீழே அவருடைய பாட்டையாவில் தொடங்கி மேலே போன மாசம் பிறந்த பேத்தி வரைக்கும் மிதித்துக்கொண்டு போய்த்தான் ஒரு ஜாக்கெட் பிட் வாங்க முடியும்.

இந்த ஊரில் முப்பிடாதிக்குச் சக்கர நாற்காலி. இட்லிக்கடை பேச்சிக்கனியின் ஒரே மகள், வயசு பதினாறு. பிறந்ததிலிருந்து அவள் கால்கள் அவள் பேச்சைக் கேட்டதில்லை, ஆனால் தொண்டை யார் பேச்சையும் ஒரு தரம் கேட்டால் போதும், சொந்தக்காரரே ஏமாந்து போகும்படி திருப்பிக் கொடுக்கும். அம்மாவும் சிநேகிதிகளும் படியேறிக் கடைக்குள் போகும்போதெல்லாம் அவள் கீழே தெருவில் செருப்புகளுக்குக் காவல் இருந்தாள். மேலே போக முடியாதவளுக்கு மேலேயிருந்து இறங்கி வந்ததெல்லாம் குரல்கள் மட்டும்தான். ஒன்றையும் வீணாக்காமல் எடுத்து வைத்துக்கொண்டாள். ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் குரல் கன்னத்துக்குள் வெற்றிலையோடு இருந்தது, பஸ் கண்டக்டருடையது மூக்கில், தலைமையாசிரியை புஷ்பராணி டீச்சருடையது பல்லுக்கும் உதட்டுக்கும் நடுவே விறைப்பாக நின்றது. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் புஷ்பராணி டீச்சரின் குரலில் ஜன்னல் வழியாக அவள் ஒரு வார்த்தை சொன்னதும் மொத்தப் பள்ளிக்கூடமும் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டது, முதல் ஆளாக வெளியேறியவர் புஷ்பராணி டீச்சர்.

பத்தாம் வகுப்பில் நல்ல மார்க். அவளுக்கு வேண்டியது கம்ப்யூட்டர் குரூப், ஏனென்றால் குரல்களை வெட்டி ஒட்டி, கூட்டிக் குறைத்து, ஒருத்தர் வாயில் இன்னொருத்தரை வைக்கிற வித்தையெல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கிறது என்று கேள்விப்பட்டிருந்தாள், அதைப் படிக்காமல் செத்தால் நெஞ்சு வேகாது என்று ஜெனோவாவிடம் சத்தியமே செய்திருந்தாள். ஜெனோவா அவளுடைய சிநேகிதி, வண்டி தள்ளுகிற சாக்கில் பாதி நேரம் அதில் தொங்கிக்கொண்டு வருகிறவள். ஆனால் கம்ப்யூட்டர் குரூப் முதல் மாடியில் இருந்தது. புஷ்பராணி டீச்சர் கெட்டவர் இல்லை, தலையைத் தடவித்தான் சொன்னார், கீழே வரலாறு குரூப் இருக்கு, காத்தோட்டமான ரூம், பாத்ரூம் பக்கம், உனக்குத் தோதா இருக்கும்மா என்று. முப்பிடாதிக்கு வரலாற்றின் மேல் கோபமில்லை. பாத்ரூம் பக்கம் இருக்கிறது என்பதற்காக ஒரு பாடத்தைப் படிக்க வேண்டியிருப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

பேச்சிக்கனி மகளைக் கூட்டிக்கொண்டு மாநகராட்சி ஆபீசுக்குப் போனாள். அங்கும் படிகள். முப்பிடாதி கீழே நிற்க, அம்மா மட்டும் ஏறிப்போய் இன்ஜினியரை வராந்தா வரைக்கும் கெஞ்சிக் கூட்டி வந்தாள். ஊரில் கோமதிநாயகம் சாரின் முகம் தெரியாதவர்கள் உண்டு, குரல் தெரியாதவர்கள் கிடையாது. குடிதண்ணீர் வராத அன்றைக்கெல்லாம் அவர் பேசிப் பதிவு பண்ணியதை ஆட்டோவில் ஒலிபெருக்கிக் குழாய் கட்டிப் போட்டுக்கொண்டு போவார்கள், தண்ணீர் வருகிற நாளைவிட அந்தக் குரல் வருகிற நாள்தான் அதிகம். சரளைக் கல்லை இரும்புச் சட்டியில் போட்டு உருட்டுகிற குரல், நடுவில் மனசில் ஈரமே இல்லாத ஓர் இருமல். பள்ளிக்கூடத்துக்கு ஒரு சாய்தளம் வேண்டும் என்று பேச்சிக்கனி சொல்லி முடிப்பதற்குள் மேலேயிருந்து அது வந்தது.

“க்ஹும். விதியில இடமில்லை. பார்ப்போம்.”

எப்ப சார் பார்ப்பீக என்று பேச்சிக்கனி கேட்டதற்கு, பார்க்கும்போது பார்ப்போம், படியில நிக்காதீங்க, வழியை விடுங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அம்மா அழுதுகொண்டே இறங்கினாள். மகள் அழவில்லை. ஆட்டோக் குழாயில் அவள் கேட்டிருந்தது அந்தக் குரலின் மேல்தோல்தான், இன்றைக்குத்தான் அதன் அடிக்கட்டையைக் கேட்டாள். வீடு வந்து சேர்கிற வரைக்கும் அதை வாய்க்குள் உருட்டிக்கொண்டே வந்தாள், மிட்டாய் மாதிரி.

அந்த வாரமே சிநேகிதிகள் சீருடைத் துணி எடுக்க ஜவுளிக்கடைக்குப் போனார்கள், நீலம், பச்சை இரண்டில் எதுவானாலும் சரி என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். முப்பிடாதி வழக்கம்போலக் கீழே, மடியில் யாருடைய குடையோ, காலடியில் செருப்புக் குவியல். மேலேயிருந்து ஜெனோவா கண்ணாடி வழியாகத் துணியைத் தூக்கிக் காட்டி நீலமா பச்சையா என்று கையால் கேட்டாள். அத்தனை தூரத்தில் நீலமும் பச்சையும் ஒன்றாகத் தெரிந்தது. சலிப்பும் வந்தது, கூடவே குறும்பும் வந்தது, இரண்டும் சேர்ந்தால் அந்தப் பெண்ணின் வாய் சும்மா இருக்காது. நெஞ்சை நிமிர்த்தி, தாடையை இறக்கி, குழாய் கட்டிய ஆட்டோ போலத் தொடங்கினாள்.

“க்ஹும். தேரிமங்கலம் மாநகராட்சி அறிவிப்பு. படிகள் எல்லாம் உடனே படுத்துக்கொள்ளவும்.”

படிகள் படுத்துக்கொண்டன.

எருமை படுக்கிறதைப் பார்த்திருப்பீர்கள், அவசரமே இல்லாமல் முதலில் முன்னங்காலை மடித்து, அப்புறம் ஒரு பெருமூச்சு விட்டு, பின்பாகத்தை இறக்கி, இதற்குத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன் என்பது போல அமரும். அப்படித்தான் ஐயம்பெருமாள் அண்ணாச்சியின் பாட்டையா படி முன்னால் மடங்கியது, அதன்மேல் அப்பா படி சாய்ந்தது, அதன்மேல் சித்தப்பா, அத்தை, மகன், மகள், கடைசியாகப் பேத்தி, எல்லாரும் ஒருவர் மேல் ஒருவர் தலை வைத்துத் தெருவில் நீட்டிப் படுத்தார்கள். காலையில் போட்ட கோலம் இழுபட்டு நீண்டது, தாமரைப்பூ தென்னங்குருத்து ஆனது. சரிவின் நுனி மெதுவாக வந்து அவள் சக்கரத்தை ஒரு நாய்க்குட்டி மூக்கால் தொடுவது போலத் தொட்டு நின்றது. முப்பிடாதி தன் கையாலேயே சக்கரத்தைச் சுற்றி மேலே போனாள். போனதும் அவள் முதலில் பார்த்தது துணியை அல்ல, திரும்பி, கீழே தான் எப்போதும் இருக்கிற இடத்தை. செருப்புகள் மட்டும் இருந்தன. ஒன்றும் திருட்டுப் போகவில்லை. பிறகு ஜெனோவாவிடம், பச்சைதான்டி நல்லா இருக்கு என்றாள்.

கல்லாவில் இருந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சி வெளியே வந்து பார்த்தார். வந்த ஆத்திரத்தில் அவர் வெற்றிலையை விழுங்கியே விட்டார், அடுத்த கணம் சரிவில் இழுபட்டுக் கிடந்த பாட்டையாவின் பெயரைப் பார்த்தார். சாலிகுளம் சங்கரலிங்கம் என்ற எழுத்துகள் ஒவ்வொன்றும் ஆள் நீளத்துக்கு, பஸ்ஸில் போகிறவன் படிக்கும்படியாகக் கிடந்தன. எதிர்க் கடைக்காரரின் முன்னோர் யாருக்கும் அவ்வளவு நீளப் பெயர் அமைந்ததில்லை. அண்ணாச்சி உள்ளே போய் இன்னொரு வெற்றிலை போட்டுக்கொண்டார்.

உத்தரவு போட்டது யார் என்பதில் ஊருக்குச் சந்தேகமே வரவில்லை. எல்லாரும் காதால் கேட்டிருந்தார்கள், அந்தக் குரலை அவர்களுக்குத் தெரியாதா. படிகள் ஏன் கீழ்ப்படிந்தன என்பதற்குச் சலூன்காரர் ஒரு காரணம் வைத்திருந்தார்: இந்த ஊரில் எந்தப் படி கட்டினாலும் அளவு பார்த்து, எழுப்பு என்று சொன்னது அந்தக் குரல், எழுப்பினவர் படு என்றால் படுக்கத்தானே செய்யும். டீக்கடைக்காரர் வேறு காரணம் சொன்னார், இத்தனை வருஷம் மிதி வாங்கினதில் படிகளுக்கே முதுகுவலி என்றார். காரணம் தேட அதற்கு மேல் யாருக்கும் நேரமில்லை, ஏனென்றால் மறுநாள் போஸ்ட் ஆபீஸ் படுத்தது, அதற்கடுத்து பேங்க், பிறகு ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்ட், மூட்டுவலி டாக்டர். ஒவ்வொரு தடவையும் கூட்டத்தின் முதுகுக்குப் பின்னால் கரும்புச்சாறு வண்டியின் மறைவிலிருந்தோ லாரியின் பின்புறத்திலிருந்தோ அந்த இருமல் கேட்கும், ஜனங்கள் கழுத்தை நீட்டித் தேடுவார்கள், இன்ஜினியர் சார் இங்கதான் எங்கயோ நிக்காக, விளம்பரம் வேண்டாம்னு ஒதுங்கி நிக்காக என்று மெச்சிக்கொள்வார்கள். வண்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஜெனோவா சிரிப்பை அடக்க முடியாமல் தாவணியைக் கடித்துக் கடித்து அதன் முந்தி பூராவும் பல்தடம்.

அப்புறம்தான் ஆட்கள் வந்தார்கள். இடுப்பொடிந்த தையல்காரர் வந்தார், பக்கவாதத்தில் ஒரு பக்கம் போன ரிட்டயர் போஸ்ட் மாஸ்டர் தன் ஆபீசைப் பார்க்க மனைவி தள்ள வந்தார், இரண்டு கைக்கும் கம்பு ஊன்றிய புதுப்பெண் ஒருத்தி ஜவுளிக்கடையில் தன் புடவையைத் தானே தேர்ந்தெடுக்க வந்தாள், நடக்கவே நடக்காத வாலிபர்கள், நடந்துகொண்டிருந்து நின்றுபோனவர்கள், இவர்களோடு நிறைமாதக்காரிகள், கேஸ் சிலிண்டர் உருட்டுகிறவர்கள், பால் கேன் சைக்கிள்கள், ஒரு ஆட்டுக்கிடாய். இத்தனை பேரும் இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள் என்று ஊர் ஆச்சரியமாகக் கேட்டது. வீட்டுக்குள்ளேதான் இருந்தோம் என்று அவர்கள் ஆச்சரியமே இல்லாமல் சொன்னார்கள்.

ஊருக்கு எதையும் போட்டியாக்காமல் இருக்கத் தெரியாது. உயரத்தில் இருந்த மரியாதை நீளத்துக்கு இறங்கி வந்தது. எவன் வாசல் சரிவு நீளமாக, மெதுவாக, பச்சைப்பிள்ளை தவழ்ந்தாலும் ஏறும்படி இருக்கிறதோ அவன்தான் பெரிய மனுசன். பெண் பார்க்க வந்தவர்கள் வாசலில் நின்று முழம் போட்டார்கள். சரிவு குட்டையாக இருக்கிறது என்று ஒரு சம்பந்தம் முறிந்தது. இன்னும் படுக்காத கடைக்காரர்கள் மாநகராட்சி ஆபீசில் வரிசை கட்டி நின்றார்கள், சார், எங்க கடைப் பக்கம் ஒரு தடவை வந்து இருமிட்டுப் போங்க என்று.

கோமதிநாயகம் சார் முதலில் மறுத்தார். நான் பஜாருக்கு வரவே இல்லையே என்றார். பெருமை வேண்டாங்காக, அப்படித்தான் சொல்லுவாக என்றார்கள். மாலை போட்டார்கள், கருப்பட்டிக் காப்பி கொடுத்தார்கள், தையல்காரர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. வீட்டில் மனைவி பல வருஷத்துக்கு அப்புறம் எதிரே உட்கார்ந்து பரிமாறினாள். ஒரு மனிதரிடம் பார்க்கிறவர்கள் எல்லாரும் நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் அவர்தான் என்ன செய்வார், ஒருவேளை சொல்லியிருப்போமோ, யோசனையில் நடந்து போகும்போது வாய் தவறிச் சொல்லியிருப்போமோ என்று தோன்றத் தொடங்கியது, பிறகு சொன்னது ஞாபகமே வந்துவிட்டது. அதோடு குரலும் மாறியது. முதலில் அந்த இருமல் போனது. அடுத்து சரளைக்கல் போனது. வாங்கம்மா, உட்காருங்க, என்ன வேணும் என்று அவர் கேட்பது வெந்நீரில் கற்கண்டு கரைகிற மாதிரி இருந்தது. முப்பிடாதி இதைக் கவனித்தாள். பழைய குரல் இப்போது ஊரிலேயே தன் தொண்டையில் மட்டும்தான் இருக்கிறது என்பது அவளுக்கு வேடிக்கையாகவும் இருந்தது, என்னவோ போலவும் இருந்தது, இரவல் வாங்கிய குடத்தின் சொந்தக்காரி ஊரைவிட்டே போய்விட்டால் இருக்குமே, அப்படி.

ஏமாறாதவர் ஒருத்தர் உண்டு, தாவீது அண்ணன். பிறவியிலேயே கண் தெரியாதவர், பஜாரில் ஊதுபத்தி விற்கிறார். அவர் கம்பைத் தட்டிக்கொண்டு இட்லிக்கடைக்கு வந்த அன்றைக்கு அவர் முகத்தில் பாதி மீசைதான் இருந்தது.

“ஏட்டி முப்பி, ஊரையெல்லாம் படுக்கப் போட்டியே, என்னை நினைச்சியா? குட்டைப் படி மருந்துக்கடை, வழுக்கப் படி பேங்குன்னு காலாலதான எழுதி வச்சிருந்தேன். இப்ப எல்லாம் ஒண்ணு போல கெடக்கு. பேங்குன்னு நினைச்சு உள்ள போய் உக்காந்தேன், சலூன்காரன் பாதி மீசையை எடுத்துட்டான்.”

முப்பிடாதி விழுந்து விழுந்து சிரித்தாள், சிரித்து முடித்ததும் முகம் சுருங்கிப் போனது. வண்டி ஏறுகிறதா என்று மட்டும்தான் அவள் பார்த்திருந்தாள். தாவீது அண்ணன் இன்னொன்றும் சொன்னார், இன்ஜினியருக்கு இருமல் நெஞ்சிலிருந்து வரும், உனக்குத் தொண்டையிலிருந்து வருது, கல்லும் மண்ணும் ஏமாறலாம், நான் ஏமாற மாட்டேன் என்று. இருமலை எப்படி அடியிலிருந்து எடுப்பது என்று அவரே இருமிக் காட்டினார். அன்று சாயந்திரமே அவள் அவரையும் கூட்டிக்கொண்டு பஜார் முழுக்கப் போய், திருத்திய இருமலோடு, ஒவ்வொரு சரிவும் தன் வாய்ப்பக்கத்தில் தனக்கென்று ஒரு சொரசொரப்பு வைத்துக்கொள்ளட்டும் என்று அறிவித்தாள். மருந்துக்கடைக்கு மாத்திரை மாதிரிப் புள்ளிகள் எழும்பின, பேங்குக்கு நேர்க்கோடுகள், சலூனுக்குச் சீப்புப் பல். தாவீது அண்ணன் காலால் ஒவ்வொன்றையும் வாசித்துப் பார்த்துவிட்டு, ஓர் எச்சரிக்கையும் கொடுத்துவிட்டுப் போனார்.

“கூட்டத்துக்கு முன்னால மட்டும் வாயைத் திறந்துராத. உன் சத்தம்னு தெரிஞ்சா, இதெல்லாம் உத்தரவில்லாத சரிவுன்னு சொல்லி நாளைக்கே கடப்பாரையோட வந்துருவாங்க.”

பள்ளிக்கூடம் மட்டும் படுக்கவில்லை. படாத முயற்சியில்லை. ஆனால் பஜார்ச் சேதி கேட்ட அன்றைக்கே புஷ்பராணி டீச்சர் மாடிப்படியின் அடிப்படியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மேலே ஆள் இருந்தால் எந்தப் படியும் படுக்காது, அந்த மரியாதை படிகளுக்கு உண்டு என்று ஊருக்குத் தெரிந்திருந்தது. இன்ஜினியர் நேரில் வந்து, என் கண் முன்னால் நின்று, உத்தரவு என்று சொன்னால் எழுந்திருக்கிறேன், இல்லையென்றால் பிள்ளைகள் சறுக்கி விழுந்தால் யார் பதில் சொல்வது என்றார். அங்கேயே கையெழுத்துப் போட்டார், அங்கேயே சாப்பிட்டார், ராத்திரிக்கு அதே படியில் வாட்ச்மேனை உட்கார வைத்துவிட்டுப் போனார், அட்மிஷன் முடிகிற நாள் நெருங்கியது. பேச்சிக்கனி மறுபடி மாநகராட்சி ஆபீசுக்குப் போனாள், இந்தத் தடவை மகளும் கூடவே சரிவில் ஏறிப் போனாள், ஆபீசை அவளே போன வாரம் படுக்க வைத்திருந்தாள். கோமதிநாயகம் சார் எழுந்து நின்று வரவேற்றார். அதுக்கென்னம்மா, நான் வரேன், சொல்றேன், படுக்குது என்றார்.

கடைசி நாளன்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல், மைக், ஊரே கூடியிருந்தது. ஐயம்பெருமாள் அண்ணாச்சி மாலை வாங்கி வந்திருந்தார். முப்பிடாதி கூட்டத்துக்கு நடுவில், பச்சைச் சீருடையில். பன்னிரண்டு மணி அடிப்பதற்குள் அவள் மாடிக்குப் போய்ச் சேராவிட்டால் கம்ப்யூட்டர் குரூப்பின் மீதமிருக்கும் ஒரே இடமும் வேறு பள்ளிப் பிள்ளைக்குப் போய்விடும். புஷ்பராணி டீச்சர் எழுந்து, சேலையைச் சரி பண்ணிக்கொண்டு, ஒதுங்கி நின்றார். கோமதிநாயகம் சார் மல்லிகை மாலையோடு மாடிப்படிக்கு முன்னால் வந்து கைகூப்பினார். அன்பான படிகளே, தயவு செய்து கொஞ்சம் படுத்துக்கொள்ளுங்கள் என்றார்.

படிகள் அசையவில்லை. அந்தப் புதுக் குரல் தன்னுடையது என்று அவருக்குத் தெரிந்தது, படிகளுக்குத் தெரியவில்லை.

இன்னொரு தரம் சொன்னார். தங்கங்களா என்றுகூடக் கூப்பிட்டார். கற்கண்டு கரைந்ததே தவிர ஒரு கல்லும் திரும்பிப் பார்க்கவில்லை. கூட்டத்தில் முணுமுணுப்பு கிளம்பியது, அப்போ பஜாருல சொன்னது யாரு, அப்போ அந்தச் சரிவெல்லாம் யாரு உத்தரவு என்று. தையல்காரர் தன் வண்டிச் சக்கரத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். கோமதிநாயகம் சாரின் கழுத்தில் மல்லிகைக்கு நடுவே வேர்வை இறங்கியது. வாட்ச்மேன் மணியடிக்கக் கட்டையைக் கையில் எடுத்தார். சரி சார், உங்க மேல குத்தமில்லை, நான் உக்காருதேன் என்று புஷ்பராணி டீச்சர் கைப்பையை மடியில் வைக்கத் தோதாகப் பிடித்துக்கொண்டு அடிப்படியை நோக்கிக் குனிந்தார்.

வாயைத் திறந்தால் கடப்பாரை. திறக்காவிட்டாலும் இந்த முணுமுணுப்பு முடிகிற இடத்தில் கடப்பாரைதான். டீச்சருக்கும் படிக்கும் நடுவே ஒரு ஜாண் இருந்தது. முப்பிடாதி ஜெனோவாவின் முதுகுக்குப் பின்னால் தலையைக் குனிந்து, தாவீது அண்ணன் சொல்லிக் கொடுத்த இடத்திலிருந்து, நெஞ்சின் அடியிலிருந்து எடுத்தாள்.

“க்ஹும். விதியில இடமிருக்கு. படுங்க.”

மாடிப்படி பெருமூச்சு விட்டது. முதல் மாடியிலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகச் சாய்ந்து, வராந்தாவைத் தாண்டி, வெளியே வந்து, செங்குத்தாக இருந்தால் பிள்ளை சறுக்கும் என்று அதற்கே தெரிந்தது போல நேராக வராமல் மைதானத்தில் வேப்பமரத்தைச் சுற்றி, கொடிக்கம்பத்தைச் சுற்றி, சோம்பலாக வளைந்து வளைந்து வந்து பந்தலுக்குள் அவள் சக்கரத்தை மூக்கால் தொட்டது. புஷ்பராணி டீச்சர் உட்காரப் போன நிலையிலேயே நின்றுவிட்டார். சார், இது உங்க உத்தரவுதானே என்று அவர் கேட்டார். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தன் வாய் மூடியிருந்ததை அறிந்திருந்த ஒரே மனிதர், ஆமா, ஆமாம்மா, என் உத்தரவுதான் என்றார், மைக்கில், எல்லாரும் கேட்க.

முப்பிடாதி சக்கரத்தைத் தள்ளினாள். கைதட்டல் நடுவே வேப்பமரத்தைச் சுற்றினாள், கொடிக்கம்பத்தைச் சுற்றினாள், காக்காய்க் கூட்டுக்குச் சமமாக வந்தாள், மாடிக்கு வந்து சேர்ந்தபோது மணி அடித்தது. திரும்பிக் கீழே பார்த்தாள். எல்லாரும் சரிவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோமதிநாயகம் சார் மட்டும் மாலைக்குள் கையை விட்டுத் தொண்டையைத் தடவிக்கொண்டு, எதையோ தொலைத்தவர் போல நாலா பக்கமும் தேடிக்கொண்டு நின்றார். பார்க்கப் பாவமாக இருந்தது. எடுத்த பொருளைக் கொடுத்துவிட வேண்டும் போலவும் இருந்தது. கடப்பாரையை அவள் மறக்கவில்லை, ஆனால் பாவமும் குறும்பும் சேர்ந்துகொண்டால் அந்த வாய் சும்மா இருக்காது.

“க்ஹும்,” என்றாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். மாடியில், கைப்பிடிச் சுவருக்கு மேல், பச்சைச் சீருடையில் ஒரு முகம், இருமிய வாய் இன்னும் மூடவில்லை. அவர் கண் அதிலிருந்து ஜெனோவாவின் பல்தடம் போட்ட முந்திக்குப் போனது, தாவீது அண்ணனின் பாதி மீசைக்குப் போனது, மல்லிகை மாலைக்கு வந்தது, மறுபடி மாடிக்குப் போனது. பஜார், போஸ்ட் ஆபீஸ், பேங்க், கருப்பட்டிக் காப்பி என்று ஒவ்வொன்றாக அவர் முகத்தில் ஏறி இறங்கின. பிறகு ஒரு சத்தம் கேட்டது. குக்கர் விசில் போட எத்தனிப்பதும் பெருச்சாளி மாட்டிக்கொண்டதும் சேர்ந்தாற்போல ஒரு கீச்சு. மைக் கத்துகிறது என்று மைக்காரர் வயரைப் பிடுங்கினார். கீச்சு நிற்கவில்லை. மாலை குலுங்கி மல்லிகை உதிர, இடுப்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வழிய, கோமதிநாயகம் சாரிடமிருந்துதான் அது வந்துகொண்டிருந்தது, முதலில் அவர் மனைவிக்குத் தொற்றி, தாவீது அண்ணனுக்குத் தொற்றி, காரணமே தெரியாமல் ஊருக்கெல்லாம் தொற்றி, அந்தச் சரிவின் வளைவுகளிலெல்லாம் உருண்டு உருண்டு மேலே வந்தது. மேலேயிருந்து இறங்கி வந்த குரல்களையே எடுத்து வைத்துப் பழகியவளுக்கு முதல் தடவையாகக் கீழேயிருந்து ஒன்று ஏறி வந்தது. முப்பிடாதி ஒரு சொட்டும் சிந்தாமல் காதைக் கொடுத்தாள்.